பொன்மலை 1753: இந்தச் சின்னப் பாறைக்கு ஏன் இவ்வளவு பெரிய சண்டை?

#1 முகில்_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்குத் தினமும் தஞ்சாவூர் பாசஞ்சரில் போய் வருகிறேன். பொன்மலை ஸ்டேஷன் வரும்போதெல்லாம் அந்தப் பாறையைப் பார்ப்பேன். 1753-ல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த பெரிய சண்டையே அந்தப் பாறைக்காகத்தான் என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஒரே யோசனை.

மலைக்கோட்டை 83 மீட்டர். அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்த உயரம் போதாதா? அதன் பக்கத்தில் பொன்மலை ஒரு குட்டி. சுற்றிலும் வெட்டவெளி. அதைப் பிடிப்பதற்கு எதற்கு இரண்டு பட்டாளம் மோத வேண்டும்? "மேட்டைப் பிடித்தவன் ஜெயிப்பான்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செல்வி_டீச்சர்

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இருபது வருஷமாக எட்டாம் வகுப்புக்குக் கர்நாடகப் போர்கள் நடத்துகிறேன். பாடத்தில் ஆற்காடும் கிளைவும் வரும், ஆம்பூர் வரும். திருச்சியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால் இந்தச் சண்டையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது திருச்சிக்காகத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1749 ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் இறந்தார். அவர் மகன் முகமது அலி தப்பி வந்து ஒதுங்கிய இடம் திருச்சிக் கோட்டை. நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சு, முகமது அலி பக்கம் ஆங்கிலேயர். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிப் தலையும் போனது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோதுதான் அடுத்த வழக்கு ஆரம்பம். உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று முகமது அலி மைசூர் நஞ்சராஜாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காரியம் முடிந்ததும் தரவில்லை. மைசூர்க்காரர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார், மராட்டிய முராரி ராவும் தன் குதிரைப் படையோடு அந்தப் பக்கமே போனார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கையில் ஒரு திருச்சி வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே காவிரி. அதைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவு முழுக்க எதிரி கையில். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டை நெல் வர முடியாது. 1753 தொடக்கத்தில் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேய கேப்டன் டால்டன் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கிறார், உள்ளே சில வாரத்துக்குத்தான் தானியம். மிச்சம் இருப்பது தெற்கும் கிழக்கும். தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை, கிழக்கே தஞ்சாவூர். அரிசி, ஆடு மாடு, விறகு எல்லாம் அந்த இரண்டு திக்கிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அந்த இரண்டு திக்கிலும் கோட்டைக்கு முன்னால் கிடப்பது நீங்கள் சொன்ன வெட்டவெளி. அதில் அங்கங்கே முளைத்து நிற்பவைதான் இந்தப் பாறைகள். பொன்மலை, ஆங்கிலேயர் 'சர்க்கரைக் கூம்புப் பாறை' என்று பெயரிட்ட ஒன்று, 'ஐந்து பாறைகள்' என்று ஒரு கூட்டம், கிழக்கே திருவெறும்பூர்க் குன்று, மேற்கே உய்யக்கொண்டான் திருமலை. ஆங்கிலேயர் குறிப்புகளில் 'எலிமிசேரம்' என்று வருவது நம் திருவெறும்பூர்தான். எறும்பீஸ்வரம் அவர்கள் வாயில் எலிமிசேரம் ஆகிவிட்டது. 'வெய்கொண்டா' என்பது உய்யக்கொண்டான். இந்தப் பெயர்களை அவிழ்க்க எனக்கே ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது.

சோற்றுப் பாதை இந்தப் பாறைகளுக்கு நடுவில் போகிறது. அதனால்தான் தம்பி சண்டை.

#3 பழைய_கன்னர்

டீச்சரம்மா சொன்னதோடு பட்டாளத்துக்காரன் கணக்கையும் சேர்க்கிறேன். பீரங்கிப் படையில் 17 வருஷம் இருந்தவன். மலையில் ஓ.பி. (கண்காணிப்பு இடம்) போட்டுக் குண்டு விழும் இடம் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

தம்பி கேட்டது: மலைக்கோட்டை உயரம் போதாதா? பார்ப்பதற்குப் போதும். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் தெற்கே யார் தூசி கிளப்பினாலும் தெரியும். ஆனால் அடிக்க முடியாது. அந்தக் காலத்து 6 பவுண்டு பீரங்கிக் குண்டு பிரயோஜனமாகப் போவது ஏறக்குறைய 800 முதல் 1,000 கஜம். துப்பாக்கி அதைவிட மோசம், 100 கஜம் தாண்டினால் குறி என்று ஒன்றும் கிடையாது. பொன்மலை கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே எதிரி ஏறி உட்கார்ந்தால் மலைக்கோட்டையிலிருந்து வேடிக்கைதான் பார்க்கலாம்.

இன்னொன்று. ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் தன் படையைக் கோட்டைக்குள் வைக்கவில்லை. வெளியே தெற்குப் பக்கம் பக்கீர் தோப்பு என்ற இடத்தில் கூடாரம் போட்டார். உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து சோறு கொண்டு வர ஆள் இல்லை. அந்தத் தோப்புக்குப் பீரங்கி எட்டும் தூரத்தில் நிற்கிறது பொன்மலை. எதிரி அதில் ஒரு பீரங்கியை ஏற்றினால் அன்றைக்கே கூடாரத்தைப் பிடுங்க வேண்டும். கூடாரம் பிடுங்கினால் கோட்டைக்குள் போக வேண்டும். கோட்டைக்குள் போனால் சில வாரத்தில் பட்டினி. பாறை போனால் ஊர் போச்சு என்பது இப்படித்தான்.

#4 தஞ்சை_வளவன்

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1753 ஜூன் 26 அன்று பாறை மேல் ஏறி நின்றது யார்? பிரெஞ்சுக்காரர்கள். ஜெயித்தது யார்? கீழே இருந்து ஏறி வந்தவர்கள். மேடுதான் வெற்றி தரும் என்றால் அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்?

என் கருத்தில் அன்றைய வெற்றி ஒழுங்குக்கும் பயனெட்டுக்கும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) கிடைத்தது. பாறை வெறும் மேடை. மேடையைப் பார்த்துவிட்டுக் கூத்தை மறந்துவிடக் கூடாது.

#5 செல்வி_டீச்சர்

வளவன் சார், நல்ல மறுப்பு. அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிறகு பேசலாம்.

அந்தச் சமயம் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஐம்பது வயதைத் தாண்டியவர், உடம்பும் சரியில்லை. பொன்மலையில் காவலுக்கு 200 சிப்பாய்களைத்தான் வைத்திருந்தார். ஆளெல்லாம் தானியக் காவலுக்கும் கோட்டைக் காவலுக்கும் போய்விட்டார்கள். அன்று காலை பிரெஞ்சுத் தளபதி அஸ்த்ரூக் முழுப் படையோடு அந்தப் பாறை மேல் பாய்ந்தார். பின்னால் மைசூர்ப் படை, சுற்றிலும் மராட்டியக் குதிரைகள். செய்தி கேட்டு லாரன்ஸ் கையில் கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். காலாட்படை வெள்ளையர் சுமார் 300 பேர், பீரங்கிக்காரர் 80 பேர், சிப்பாய்கள் சுமார் 500 பேர். அவ்வளவுதான்.

பாதி தூரம்கூட வரவில்லை, பாறை உச்சியில் பிரெஞ்சுக் கொடி ஏறிவிட்டது.

அந்த இடத்தில் லாரன்ஸ் நின்றதை நான் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். திரும்பினால் வெட்டவெளியில் குதிரைப் படை அறுத்துவிடும். அறுபடாமல் கோட்டைக்குள் நுழைந்தாலும் பட்டினி. நின்ற இடத்திலேயே நின்றால் மேலிருந்து பீரங்கி. மிச்சம் ஒரே வழிதான் இருந்தது. படையை இரண்டாகப் பிரித்தார். கிரனேடியர்கள் (காலாட்படையில் பொறுக்கி எடுத்த வீரர்கள்) நேராகப் பாறை மேல் ஏற வேண்டும், துப்பாக்கி சுடக் கூடாது, பயனெட் மட்டும். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அவர் பாறை அடிவாரத்தைச் சுற்றி, மறுபக்கம் நின்ற பிரெஞ்சு அணியை நோக்கிப் போனார்.

கிரனேடியர்கள் வேகமாக ஏறினார்கள், வரிசை கலையாமல். மேலிருந்து சுட்டதைப் பொருட்படுத்தவே இல்லை, உச்சி தொடும்வரை நிற்கவும் இல்லை. மேலே இருந்தவர்கள் மோதாமல் மறுபக்கமாக இறங்கி ஓடினார்கள். பின்னாலேயே சில சிப்பாய்களும் ஏறிவிட்டார்கள்.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கு விடை, வளவன் சார். கீழே பிரெஞ்சு அணி லாரன்ஸை எதிர்கொள்ளத் திரும்பி நிற்கிறது. திரும்பியதில் அதன் வலது விலா பாறைப் பக்கமாக வந்துவிட்டது. கைத்துப்பாக்கி எட்டும் தூரம். உச்சியில் இப்போது கிரனேடியர்கள். முன்னால் லாரன்ஸ், விலாவில் மேலிருந்து குண்டு. இதற்கு நடுவில் கிரனேடியர் தலைவர் கேப்டன் கிர்க் சுடப்பட்டு இறந்தார். அவர்கள் ஒரு கணம் தயங்கி நின்றபோது கேப்டன் கில்பாட்ரிக் முன்னால் வந்து, உங்கள் கேப்டன் மேல் பாசம் இருந்தால் பழி வாங்க என் பின்னால் வாருங்கள் என்றார். பாய்ந்தார்கள். பிரெஞ்சு அணி உடைந்தது.

திரும்பும்போது மராட்டியக் குதிரைகள் நாலாபுறமும் வளைத்துக்கொண்டன. சிறிய படை சதுரம்போல நெருங்கி நின்று, அவை பக்கத்தில் வந்ததும் பீரங்கியால் அடித்து வழி பண்ணிக்கொண்டு கூடாரம் சேர்ந்தது.

#6 தஞ்சை_வளவன்

டீச்சர், நீங்கள் விவரித்ததில் பாதி என் வாதத்துக்குத்தான் பலம். பாறையில் இருந்தவர்கள் ஓடினார்கள். உயரம் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் விலாவில் விழுந்த குண்டை ஒத்துக்கொள்கிறேன். அது எனக்குத் தெரியாது. பாறையைப் பிடித்ததால் கீழே இருந்த சண்டை ஜெயித்தது, அப்படித்தானே?

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. மேலே இருப்பவனுக்குச் சுடுவது எளிது, ஏறுகிறவன் மூச்சு வாங்குகிறான். அப்புறம் எப்படி ஒரு குண்டும் பெரிதாகப் படாமல் ஏற முடிந்தது?

#7 பழைய_கன்னர்

வளவன் தம்பி, இது நாங்கள் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம்.

மேலிருந்து கீழே சுடுகிறவன் குறி எப்போதும் உயரத்தான் போகும். சரிவு கண்ணை ஏமாற்றும். தலைக்குக் குறி வைத்தால் தலைக்கு மேல் போகும். அதுவும் அந்தக் காலத்துக் கல்லடித் துப்பாக்கி, நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பழகிய கை. அவசரத்தில் யாரும் காலடியைப் பார்த்துச் சுட மாட்டான். இதுபோக, பாறை நம் ஊர்ப் பாறை. உருண்டு திரண்டு வயிறு தள்ளி நிற்கும். உச்சியில் நிற்பவனுக்கு அடிவாரம் தெரியாது. அந்தத் தெரியாத நிலத்தைப் பட்டாளத்தில் டெட் கிரவுண்ட் என்போம். ஏறுகிறவன் வெட்டவெளியைத் தாண்டும்போது சாவான். அடிவாரத்தைத் தொட்டுவிட்டால் பாறையே அவனுக்குக் கேடயம். வேகமாக ஓடி ஏறியதும், நடுவில் நின்று சுடாததும் அதனால்தான் சரி.

பீரங்கிக்கும் இதே கதை. பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். இரும்பு உருண்டைக் குண்டு சமதரையில்தான் கொடூரம். தட்டையாகப் போய், தரையில் பட்டுத் தவ்வித் தவ்வி, வரிசையில் நிற்பவர்களின் காலைச் சீவிக்கொண்டே போகும். குளத்தில் சில்லுக்கல் எறிந்திருப்பீர்களே, அதேதான். செங்குத்தான உயரத்திலிருந்து சுட்டால் மண்ணில் குத்திப் புதைந்துவிடும், ஒரு ஆளைத்தான் அடிக்கும். போதாக்குறைக்குப் பீரங்கி மூக்கை ஓரளவுக்கு மேல் கீழே சாய்க்கவும் முடியாது. ஆகவே பீரங்கிக்காரன் தேடுவது உயரமான பாறை அல்ல. மெல்லச் சரியும் மேடு. பொன்மலை உச்சியைவிட அதன் தோள் பக்கம் எனக்குப் பிடிக்கும்.

அப்படியென்றால் உயரத்தால் என்ன லாபம்? பார்வை. எதிரி எங்கே ஆள் குவிக்கிறான், எந்தப் பக்கம் காலி, வண்டி எந்த வழியில் வருகிறது. இதெல்லாம் கீழே நிற்கும் தளபதிக்குத் தெரியாது. 18-ம் நூற்றாண்டுக் கறுப்பு வெடிமருந்து இரண்டு வாட்டி சுட்டதும் புகை மூடிவிடும், பக்கத்து ஆளே தெரியாது. மேட்டில் இருப்பவன் புகைக்கு மேல் நிற்கிறான்.

#8 நந்தன்_பாஸ்டன்

கன்னர் ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருக்கும் ஊரில் இதே கேள்விக்கு இரண்டு குன்றுகள் சாட்சி.

1775 ஜூன் 17, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கர் ஹில் சண்டை. பெயர்தான் பங்கர் ஹில். சண்டை நடந்தது பக்கத்தில் இருக்கும் பிரீட்ஸ் ஹில்லில். பங்கர் ஹில் சுமார் 110 அடி, பிரீட்ஸ் ஹில் சுமார் 62 அடி. அமெரிக்கர்களுக்குக் கிடைத்த உத்தரவு உயரமானதில் அரண் கட்டச் சொல்லித்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டையானதில் தோண்டிவிட்டார்கள். ஏன்? அது பாஸ்டனுக்கு இன்னும் பக்கம். அங்கிருந்து பீரங்கி வைத்தால் நகரமும் துறைமுகமும் எட்டும். உயரத்தை விட்டுக் கொடுத்து எட்டும் தூரத்தை வாங்கினார்கள்.

விடிந்ததும் பிரிட்டிஷார் பார்த்துவிட்டார்கள். மூன்று முறை ஏறினார்கள். முதல் இரண்டு முறையும் அடி வாங்கி இறங்கினார்கள். மூன்றாவது முறை அமெரிக்கர்களிடம் வெடிமருந்து தீர்ந்துவிட்டது, குன்று கை மாறியது. ஆனால் பிரிட்டிஷ் பக்கம் செத்தவர், காயம்பட்டவர் சேர்த்து 1,054 பேர், அதில் செத்தவர் 226. பிடித்தவர்களே நொந்துபோன குன்று அது. வளவன் அண்ணன் பேச்சுக்கு இது எதிர்ச்சாட்சி. இங்கே மேலே இருந்தவர்கள் உயரச் சுடவில்லை. கிட்ட வரும்வரை சுடாதே, தாழக் குறி வை என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

இன்று அந்த இடத்தில் 221 அடி உயரத்துக்கு ஒரு கல்தூண் இருக்கிறது. உள்ளே 294 படி. மகளோடு ஏறினேன். மேலே சன்னல் வழியாகப் பார்த்தால் துறைமுகம் அப்படியே கைக்குள் இருப்பதுபோல இருக்கும். கீழே வந்து, குன்று தொடங்கும் தெருவில் நின்று மேலே பார்த்தேன். ஏற்றம் பெரிதாக ஒன்றுமே இல்லை. கம்பளிச் சட்டையும் மூட்டையுமாக ஜூன் வெயிலில், புல் முழங்கால் உயரம் நிற்க, வேலி தாண்டித் தாண்டி வந்த பையன்களை நினைத்தேன். பேச்சு வரவில்லை.

அடுத்த வருஷம் மார்ச்சில் இன்னொரு குன்று. டார்செஸ்டர் ஹைட்ஸ். டிக்கண்டரோகா கோட்டையிலிருந்து ஹென்றி நாக்ஸ் பனியில் சறுக்கு வண்டியில் இழுத்து வந்த பீரங்கிகளை ஒரே ராத்திரியில் அங்கே ஏற்றினார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் நின்ற துறைமுகம் அதன் காலடியில். 1776 மார்ச் 17 அன்று பிரிட்டிஷார் கப்பலேறிப் போய்விட்டார்கள், அந்தக் குன்றின்மேல் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. செல்வி அக்கா சொன்ன சோற்றுப் பாதை மாதிரி, இங்கே கப்பல் பாதை.

#9 பழைய_கன்னர்

நந்தன் தம்பிக்கு நன்றி. இதோடு குனெர்ஸ்டார்ப் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1759 ஆகஸ்ட் 12, பிரஷ்ய அரசர் பிரெடரிக். எதிரி பிடித்திருந்த குன்றுவரிசையின் ஒரு முனையை முதலிலேயே அடித்துப் பிடித்துவிட்டார். ஜெயித்தாயிற்று என்று ஆள்கூட அனுப்பினார். ஆனால் அந்த மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏற முடியாமல் வரிசை வரிசையாக மடிந்தார்கள். சுமார் 50,000 பேர் கொண்ட படையில் ஏறக்குறைய 19,000 பேர் சேதம். அடுத்த மேட்டுக்குப் போக வழி இல்லாத மேட்டைப் பிடித்தால் இந்தக் கதிதான்.

#10 ஆயிஷா_பாலக்கரை

எல்லோரும் ஏறியவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதலில் மேலே இருந்த 200 பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர்கள் நம் ஊர்க்காரர்கள். முழுப் பிரெஞ்சுப் படையும் ஏறி வந்தபோது அந்தப் பாறையில் நின்றவர்கள். லாரன்ஸ் பாதி தூரம் வருவதற்கான நேரத்தை அவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள். கிர்க் பெயர் இருக்கிறது, கில்பாட்ரிக் பெயர் இருக்கிறது. கிரனேடியர்களுக்குப் பின்னாலேயே பாறை ஏறிய சிப்பாய்களுக்குக்கூட ஒரு பெயர் இல்லை. என் பாட்டனுக்குப் பாட்டன் நவாப் பட்டாளத்தில் இருந்தார் என்று வீட்டில் பேச்சு உண்டு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பொன்மலையைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

#11 செல்வி_டீச்சர்

ஆயிஷா, நீ சொன்னது உறைத்தது. வகுப்பில் நானும் அதை விட்டுவிட்டேன். அடுத்த முறை அந்த 200 பேரிலிருந்துதான் தொடங்குவேன்.

அந்தச் சிப்பாய்களிடமிருந்து வந்தவர்தான் யூசுப்கான், நம் மருதநாயகம். இதே திருச்சி முற்றுகைக் காலத்தில்தான் தானிய வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் லாரன்ஸிடம் பெயர் வாங்கினார். பிற்பாடு மதுரையை ஆண்டு, 1764-ல் தூக்கிலிடப்பட்டார். அது வேறு இழைக்கு வேண்டிய கதை.

பொன்மலையோடு கதை முடியவில்லை என்பதால் இதையும் சொல்கிறேன். ஜூன் சண்டைக்குப் பிறகு லாரன்ஸ் தஞ்சாவூர்ப் பக்கம் போய், உதவிப் படையும் தானியமும் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தார். எதிரி வெட்டவெளி முழுக்க வழிமறித்து நிற்கிறான். வண்டி, மாடு, மூட்டை எல்லாம் பின்னால். இந்த முறை லாரன்ஸ் வேறு பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டுக் கிரனேடியர்களை அனுப்பி முதலில் பிடித்த இடம் எது தெரியுமா? பொன்மலை. பிரெஞ்சுக்காரர் சுதாரித்து ஆள் அனுப்புவதற்குள் கொடி ஏறிவிட்டது. ஜூனில் எதிரி செய்ததை ஆகஸ்டில் இவர் செய்தார். வண்டிகள் ஊருக்குள் வந்து சேர்ந்தன.

செப்டம்பர் 21-ல் சர்க்கரைக் கூம்புப் பாறைப் பக்கம் இருந்த பிரெஞ்சு முகாமை விடியும் முன்னே தாக்கினார். அதில் அஸ்த்ரூக்கே கைதியானார். மழை வந்தது, சண்டை ஓய்ந்தது. நவம்பர் 28 ராத்திரி பிரெஞ்சுக்காரர்கள் மேடு பள்ளம் எதுவும் வேண்டாம் என்று நேராகக் கோட்டைச் சுவரில் ஏணி வைத்து ஏறினார்கள். மேலே ஏறியவர்கள் அங்கிருந்த பீரங்கியைத் திருப்பி ஊரைப் பார்த்துச் சுட்டார்கள், அந்தச் சத்தத்தில் ஊரே எழுந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள்.

மனசைப் பிசைவது அடுத்து வந்தது. 1754 பிப்ரவரி. கிழக்கிலிருந்து ஒரு தானிய வண்டித் தொடர் வந்துகொண்டிருக்கிறது. காவலுக்கு வந்தவர்களில் பொன்மலை ஏறிய அதே கிரனேடியர் கம்பெனி. வழியில் முராரி ராவின் குதிரைகளும் மைசூர்க் குதிரைகளும் பாய்ந்தன. மைசூர்ப் பக்கம் அன்று வந்தவர்களில் அப்போது பெரிதாகப் பெயர் வாங்காத ஹைதர் அலியும் ஒருவர். காவலர்களை வண்டிகளின் நெடுக நூல்போல நீட்டி நிறுத்தியிருந்தார்கள், ஒன்று சேர நேரமே இல்லை. அந்தக் கம்பெனி முழுக்கப் போய்விட்டது, செத்தவர் போகக் கைதியானார்கள். பாறை ஏறி ஜெயித்தவர்கள் சமதரையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் விழுந்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேயைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது, போர்நிறுத்தம் வந்தது. திருச்சி முகமது அலியிடமே நின்றது.

#12 தஞ்சை_வளவன்

பிப்ரவரிச் சம்பவம் எனக்குப் புதிது. அதே ஆட்கள், அதே பயனெட், அதே ஒழுங்கு. ஜூனில் ஒதுங்கப் பாறை இருந்தது, பிப்ரவரியில் இல்லை. என் 'ஒழுங்குதான் காரணம்' வாதம் இதில் அடிபடுகிறது, மறைக்காமல் ஒத்துக்கொள்கிறேன்.

முழுக்க விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. நூல்போல நீட்டி நிறுத்தியது தலைவன் தப்பு. லாரன்ஸ் அங்கே இருந்திருந்தால் ஒன்று சேர்த்திருப்பார்.

#13 பழைய_கன்னர்

சேர்த்திருக்கலாம். ஆனால் குதிரை வருவது எப்போது தெரிந்தது என்று பாருங்கள். மேட்டில் ஒரு காவல் இருந்தால் அரை மணிக்கு முன்னாலேயே தெரியும். சமதரையில் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தால் தெரிகிற நேரமும் வெட்டு விழுகிற நேரமும் ஒன்று.

#14 முகில்_திருச்சி

கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது இவ்வளவு. எல்லோருக்கும் நன்றி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, திருவெறும்பூர்க் குன்று ஏறினேன். செல்வி டீச்சர் சொன்ன எலிமிசேரம். சின்ன வயதில் அம்மாவோடு போனது. படி ஏறிக் கோயிலைச் சுற்றி வந்து மேற்கே பார்த்து நின்றேன். சாயங்காலம் ஐந்தரை. தூரத்தில் மலைக்கோட்டை நீலமாகத் தெரிந்தது. நடுவில் எவ்வளவு வீடு, தொழிற்சாலை வந்துவிட்டாலும் நிலம் தட்டைதான். உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே தஞ்சாவூர் ரோட்டில் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று வந்தது. நெல் மூட்டையாகத்தான் இருக்கும். அது எவ்வளவு நேரம் என் கண்ணுக்குத் தெரிகிறது என்று கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். கட்டடம் மறைத்த நேரத்தையும் சேர்த்து, வளைவில் தென்பட்டதிலிருந்து மறையும்வரை சுமார் நாலு நிமிஷம்.

கன்னர் ஐயா, மாட்டு வண்டியாக இருந்திருந்தால்?

#15 பழைய_கன்னர்

லாரி அந்த ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகும் என்று வைத்தால் நாலு கிலோமீட்டர். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் அதிகம். அப்போ ஒரு மணி இருபது நிமிஷம் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரிந்துகொண்டே இருக்கும்.

குதிரைக்கு அதே தூரம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்.